வெறும் வயிற்றில் லிச்சி
முசாஃபர்பூர் குழந்தைகளின் உயிரைக் குடித்தது கிருமியா, பசியா?

பீகாரின் முசாஃபர்பூரில் மே மாதம் லிச்சித் தோப்புகள் சிவந்து குலுங்கும். கூடவே மருத்துவமனைக் கட்டில்களும் நிரம்பும். முந்திய மாலை வரை ஓடியாடிய குழந்தை விடியுமுன் வீறிட்டு அலறும், கைகால் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். ஊரார் இதற்கு வைத்த பெயர் 'சம்கி காய்ச்சல்'. பெயரில்தான் காய்ச்சல், பல குழந்தைகளுக்கு உடம்பு சுடுவதே இல்லை. 1995 முதல் இதே சோகம். வைரஸா, பூச்சிமருந்தா என்று ஓயாத சந்தேகங்கள்.

2014 கோடையில் இரண்டு மருத்துவமனைகளில் மட்டும் சேர்க்கப்பட்டவர்கள் 390 பேர். இறந்தவர்கள் 122. இந்திய, அமெரிக்க நிபுணர்கள் துருவிப் பார்த்தார்கள். கிருமிக்குப் பெரிதாகத் தடயமில்லை. சிக்கியது வேறு: ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில். பரிசோதிக்கப்பட்டவர்களில் 62 சதவீதத்தினருக்கு 70 மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான்.

செல்கள் குளுக்கோஸைப் படிப்படியாக உடைத்துச் சக்தியை எடுத்துக்கொள்கின்றன. தசைகள் கொழுப்பை எரித்தும் சமாளிக்கும். மூளைக்கு அது செல்லாது. இரவும் பகலும் குளுக்கோஸ் வந்தாக வேண்டும். சாப்பிடாத நேரத்தில் படியளப்பது கல்லீரல். முதலில் கிளைக்கோஜன் என்ற கையிருப்பைக் கரைக்கும். அது தீர்ந்ததும் அமினோ அமிலம், லாக்டிக் அமிலம் போன்றவற்றிலிருந்து குளுக்கோஸைப் புதிதாகத் தயாரிக்கும். இந்தத் தயாரிப்புக்கு அடுப்பெரிப்பது கொழுப்பு.

லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசினும் எம்.சி.பி.ஜி.யும் அந்த அடுப்பைத்தான் அணைக்கின்றன. (ஜமைக்காவில் பழுக்காத அக்கீ பழம் இதே வேலையைச் செய்வது பழைய செய்தி.) நன்றாகச் சாப்பிடும் குழந்தையின் கல்லீரலில் காலைவரை தாங்கும் இருப்பு இருக்கும். பகலெல்லாம் தோப்பில் பழம் பொறுக்கித் தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கும் ஏழை வீட்டு நோஞ்சான் குழந்தைக்கு ஏது இருப்பு?

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான், முசாஃபர்பூர் குழந்தை மருத்துவர் அருண் ஷாவுடன் சேர்ந்து லிச்சியின் மீது விரல் நீட்டியதும் 2014ல்தான். இதில் விசேஷம், ஜான் ஒரு வைரஸ் நிபுணர்.

2015 முதல் 'இரவில் சாப்பிட வைக்காமல் தூங்கவிடாதீர்கள்' என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. நோய் வெகுவாகத் தணிந்தது. ஆனால் 2019ல் மீண்டும் பீகாரில் 150க்கு மேற்பட்ட குழந்தைகள் பலி. லிச்சியா, வெயிலா என்று வாதமும் திரும்பக் கிளம்பியது. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை உடனே ஊசி வழியே ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அது நடந்தாக வேண்டும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரம் வரை பட்டினி கிடக்கும் மூளை காத்திருக்காது.