தொடக்ககால மௌன நகைச்சுவைக் குறும்படங்களில் சட்டகமும் பார்வையாளர் நிலையும்

முன்னுரை

மௌனப்படங்களின் நகைச்சுவை நடிகரின் உடல்மொழியால் பிறந்தது என்பது பொதுவான கருத்தாகும். எனினும், படச்சட்டகம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதும் நகைப்பைத் தீர்மானிக்கிறது. 1895, 1920 ஆகிய ஆண்டுகளில் உருவான இரு குறும்படங்களின்வழி இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அனைத்தும் அறிந்த பார்வையாளர்

லூயி லூமியேர் இயக்கிய ‘லாரோசூர் அரோசே’, 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரின் கிராண்ட் கஃபேயில் கட்டணம் பெற்றுத் திரையிடப்பட்ட பத்துப் படங்களுள் ஒன்று. இது ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஓடுவது. தோட்டக்காரர் ஒருவர் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதித்து நீரைத் தடுக்கிறான். அவர் குழாயின் முனையை உற்றுநோக்கும்போது அவன் காலை எடுக்க, நீர் அவர் முகத்தில் பீறிடுகிறது. குறும்பும் அதன் விளைவும் ஒரே சட்டகத்துள் நிகழ்வதால், தோட்டக்காரர் அறியாததைப் பார்வையாளர் முன்னரே அறிந்துகொள்கின்றனர். அவ்வறிவே நகைப்புக்கு அடிப்படையாகிறது. படக்கருவி இடம்பெயராத நிலையில், தப்பியோடும் சிறுவனைத் தோட்டக்காரர் பிடித்து, கருவியின் முன்னே இழுத்துவந்து தண்டிப்பதும் இங்கு நோக்கத்தக்கது.

ஏமாற்றப்படும் பார்வையாளர்

பஸ்டர் கீட்டனும் எட்வர்ட் கிளைனும் இயக்கிய ‘ஒன் வீக்’ (1920) இரு சுருள் கொண்ட அமெரிக்கப் படமாகும். புதுமணத் தம்பதியர், பகுதிகளாக வந்த வீட்டைத் தாமே பொருத்த முயல்கின்றனர். பொறாமை கொண்ட ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிட, வீடு கோணலாக எழுகிறது. எண்களை மாற்றுவதைப் பார்வையாளர் காண்கின்றனர் என்பதால், இதுவரை லூமியேரின் முறையே தொடர்கிறது எனலாம்.

இறுதிப் பகுதியில் இந்நிலை மாறுகிறது. வேறு மனைக்கு இழுத்துச் செல்லப்படும் வீடு இருப்புப்பாதையில் சிக்கிக்கொள்கிறது. விரைந்துவரும் தொடர்வண்டி வீட்டின்மீது மோதும் என்றே தம்பதியரைப் போலப் பார்வையாளரும் எண்ணுகின்றனர். ஆனால் அது அருகிலுள்ள தடத்தில் கடந்துபோகிறது. அனைவரும் ஆறுதல் கொள்ளும் கணத்தில், எதிர்த்திசையிலிருந்து வரும் மற்றொரு வண்டி வீட்டைத் தகர்க்கிறது. முதல் வண்டி எத்தடத்தில் வருகிறது என்பதையும், இரண்டாவது வண்டியின் வருகையையும் சட்டகம் மறைத்துவைப்பதே இதற்குக் காரணம்.

முடிவுரை

முதற்படத்தின் நகைப்பு பிறருடைய அறியாமையின்மேல் எழுகிறது; இரண்டாவதன் இறுதி நகைப்பு பார்வையாளரின் அறியாமையையும் உள்ளடக்குகிறது. சிதைந்த வீட்டின்மேல் ‘விற்பனைக்கு’ என்னும் பலகையையும் பொருத்துமுறைக் குறிப்பையும் வைத்துவிட்டுத் தம்பதியர் நடந்துசெல்லும்போது, உடன் ஏமாந்த பார்வையாளரால் அவர்களை எள்ளி நகையாட இயலுவதில்லை. எள்ளலைப் பரிவாக மாற்றுவதில் நடிப்புக்கு நிகரான பங்கு சட்டகத்தின் மறைப்புக்கும் உண்டு என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.