ஒரே வாசல், பல அடைப்புகள்

அமெரிக்க நகரங்களில் கிராக் கோகைன் பரவிக்கொண்டிருந்த 1980களில், ஆய்வகங்கள் கேட்ட கேள்வி நேரானது: இந்த மருந்து மூளையில் எதைப் பிடித்துக்கொள்கிறது? 1987இல் மைக்கேல் குஹாரும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் பதில் சொன்னார்கள். நரம்புச் செல் வெளியே விட்ட டோபமைன் என்ற வேதித் தூதைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர். கோகைன் போன்ற சேர்மங்களில் எது அதை இறுக்கிப் பற்றியதோ, அது மிகக் குறைந்த அளவிலேயே விலங்குகளைத் திரும்பத் திரும்ப நாட வைத்தது.

அன்றைய கணக்கு இவ்வளவுதான்: அந்தப் புரதமே டோபமைன் திரும்பும் வாசல்; அதை அடைத்தால் டோபமைன் வெளியே தேங்கும், தேங்கினால் போதை. அப்படியானால் மருந்துக்கும் வழி தெரிகிறதே! கோகைனுக்கு முன்பே அங்கு போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் மெதுவாகவும் நெடுநேரமும் வேலை செய்யும் ஒரு சேர்மம் போதும். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் மாற்று மருந்தாக அமைந்தது போல இதற்கும் ஒன்று அமையும் என்று நம்பினார்கள்.

நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. வனாக்சரின் என்ற சேர்மத்தைக் கொடுத்தபோது குரங்குகள் கோகைனுக்காக நெம்புகோலை அழுத்துவது குறைந்தது. உணவுக்காக அழுத்துவது அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆனால் மனிதர்களிடம் சோதித்தபோது இதயத் துடிப்பின் மின்தாளம் பிசகியது. சோதனை நின்றது. மூளைக்கான சாவியைத் தேடியவர்களை இதயம் தடுத்துவிட்டது.

1990களில் அந்த எளிய கணக்கே ஆட்டம் கண்டது. நோரா வோல்கோவ் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கோகைன் பயன்படுத்துவோர் வழக்கமாக எடுக்கும் அளவு, டிரான்ஸ்போர்ட்டர்களில் 60 முதல் 77 சதவீதம் வரை அடைத்தது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குத் தரும் மெத்தில்பெனிடேட் மாத்திரையும் சிகிச்சை அளவிலேயே பாதிக்கு மேல் அடைக்கிறது. ஆனால் மாத்திரையை விழுங்கியவருக்குப் பொதுவாகப் போதை ஏறுவதில்லை. நரம்பில் ஏற்றிய கோகைன் சில நிமிடங்களில் மூளையில் உச்சம் தொடும். விழுங்கிய மாத்திரைக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எவ்வளவு அடைக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக அடைக்கிறது என்பதும் சேர்ந்தே போதையைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதே மெத்தில்பெனிடேட்டை நரம்பில் ஏற்றினால் போதை வருகிறது என்பதையும் அது விளக்கிவிடுகிறது.

ஆம்பெட்டமைன் இன்னொரு ரகம். அது வாசலை வெறுமனே அடைப்பதில்லை. அதன் வழியாகவே உள்ளே புகுந்து, டோபமைனை அதே வழியாக வெளியே தள்ள வைக்கிறது. ஆகவே டிரான்ஸ்போர்ட்டரை முன்கூட்டியே அடைத்துவைத்தால் ஆம்பெட்டமைனின் வீச்சு குறையும். கோகைனைப் போலவே அடைக்கும் ஒரு சேர்மம் இங்கே தடுப்பு மருந்தாகிவிடுகிறது. எதன்மேல் வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டால் இந்த முரண் விளங்காது.

அடுத்த திருப்பம் புரதத்தின் வடிவத்திலிருந்து வந்தது. டிரான்ஸ்போர்ட்டர் ஒருமுறை வெளிப்பக்கம் திறக்கும், ஒருமுறை உட்பக்கம் திறக்கும். கோகைன் வெளிப்பக்கம் திறந்த நிலையில் அதை உறைய வைக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கான பழைய மருந்தான பென்ஸ்ட்ரோபினின் வழிவந்த சில சேர்மங்களோ வேறு நிலையை விரும்புகின்றன. ஏமி நியூமன் போன்றோர் உருவாக்கிய அவற்றில் சில, எலிகளிடம் கோகைன் போன்ற துள்ளலைத் தராததோடு கோகைனின் துள்ளலையும் மழுங்கடித்தன. 2013இல் எரிக் கோவோவின் ஆய்வகத்தில் அரவிந்த் பென்மெத்சா, கூட்டாளிகளுடன் சேர்ந்து பழ ஈயின் டிரான்ஸ்போர்ட்டர் அமைப்பை வெளியிட்டார். இப்போது அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறார். 2015இல் அந்த ஈயின் புரதத்தில் கோகைன் பொருந்திய படமும் வந்தது. மனிதப் புரதத்தோடு கோகைன் இணைந்த அமைப்பு 2024இல் கிடைத்தது.

ஆய்வகத்தில் இப்படித் தலைகீழ் மாற்றம். மருத்துவமனையில்? கோகைன் அடிமைத்தனத்துக்கு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. டிரான்ஸ்போர்ட்டரை வேறு விதமாக அடைக்கும் மோடாபினில் என்ற மருந்து, கோகைன் பழக்கத்துக்குத் தெளிவான பலன் தரவில்லை. டிரான்ஸ்போர்ட்டரை ஓரளவு அடைக்கும் புப்ரோப்பியானை, நால்ட்ரெக்சோன் ஊசியுடன் சேர்த்து மெத்தாம்பெட்டமைன் பழக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்தச் சோதனையில் 13.6 சதவீதத்தினர் பலனடைந்தனர். போலி மருந்து எடுத்தவர்களில் 2.5 சதவீதம். இப்போதைக்கு சிகிச்சையில் நன்றாகப் பலிப்பது, போதைப்பொருள் இல்லாத சிறுநீர் மாதிரி கொடுப்பவருக்குச் சிறு பரிசுச் சீட்டு வழங்கும் முறைதான்.