12-வது கோட்டை செஞ்சி... கம்ப்யூட்டர் மட்டும் 11 என்பது ஏன்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 இடம்பிடித்தன. மகாராஷ்டிராவில் 11, தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்று: நம்ம செஞ்சி. மத்திய அரசு வெளியிட்ட பட்டியல் சால்ஹேர் கோட்டையில் தொடங்கி, கடைசியாக செஞ்சியில் முடிகிறது.

இதை அப்படியே பைத்தானில் போட்டு 12-ஐக் கேட்டால் எர்ரர்தான் வரும். செஞ்சி இருப்பது 11-ல். முதல் கோட்டையான சால்ஹேர் 0-வில். பிளஸ் 2-வில் பைத்தான் படிக்கும் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

ஏன் 0?

திண்டிவனத்தில் பஸ் ஏறி செஞ்சிக்குப் போகிறீர்கள். கிளம்பும் இடத்தில் கடந்த தூரம் எவ்வளவு? 0 கி.மீ. கணினி நினைவகத்திலும் அதே கணக்குதான். இன்டெக்ஸ் என்பது வரிசை எண் இல்லை, தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதுதான். ஒவ்வொரு தகவலுக்கும் 4 பைட் என்றால், முதலாவது 0 பைட் தள்ளி இருக்கும். 12-வது, 44 பைட் தள்ளி.

1970-களில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எல்லாம் அதே வழி. ஆனால் அதற்கும் மூத்த ஃபோர்ட்ரான் 1-லிருந்துதான் எண்ணும். மேட்லேப், ஆர், ஜூலியாவும் அப்படியே. கணக்குப் புத்தகத்தில் மேட்ரிக்ஸ் 1-ல் தொடங்குவதால், அந்த ஆட்களுக்கு அதுதான் வசதி.

எர்ரர் வந்தால் நல்லது!

பிரச்னை, எர்ரர் வராதபோதுதான். ஆர் மொழியில் பழகியவர் பைத்தானில் 1 முதல் 11 வரை ஓட்டினால் புரோகிராம் சத்தமில்லாமல் ஓடி முடியும்; சால்ஹேர் மட்டும் காணாமல் போயிருக்கும். சி மொழி இன்னும் மோசம். அங்கே 12-ஐக் கேட்டால் தடுக்க ஆள் கிடையாது. பக்கத்து நினைவகத்தில் இருக்கும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஹேக்கர்கள் தேடும் ஓட்டைகளில் இதுவும் ஒரு வகை.

இன்னொரு விஷயம், பைத்தானில் -1 என்று கேட்டால் கடைசியில் இருப்பது வரும். எண்ணவே வேண்டாம், நேரா செஞ்சி!