உப்புக்கு ஒரு கதவு

இலங்கையின் வடக்கில் உயர்தரம் படித்தவர்களிடம் தொண்டைமானாறு என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அவ்வூர்ச் சந்நிதி முருகனுக்கு முன்னால் ஒரு வினாத்தாள்தான் கண்ணில் வரும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் மாதிரிப் பரீட்சைக்குப் பயப்படாமல் பல்கலைக்கழகம் போனவர்கள் குறைவு. பிறப்புரிமைப் பொறியியலை மனப்பாடம் செய்துகொண்டு அந்தப் பரீட்சைக்குப் போகும் உயிரியல் மாணவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: அந்தப் பாடத்துக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. காரணம் உப்பு.

ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கலிங்கத்தை வென்ற சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமான், கரணவாயிலும் வெள்ளப்பரவையிலும் விளைந்த உப்பை மரக்கலத்தில் ஏற்றிப் போவதற்காக இந்த நீர்வழியை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது செவிவழிக் கதை. கதை எவ்வளவு மெய்யோ, உப்பு மெய். சோழன் காலத்தில் உப்பை வெளியே கொண்டுபோகத் திறந்ததாகச் சொல்லப்படும் அதே வாயிலில், இருபதாம் நூற்றாண்டில் உப்பு உள்ளே வராதபடி கதவு போட்டார்கள். மாரி வெள்ளம் மிஞ்சினால் திறப்பது, மழை ஓய்ந்தால் மூடுவது. பொறியியலாளர் ஆறுமுகம் கனவு கண்ட 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்திலும் இந்தக் கதவுக்குப் பங்கு இருந்தது. ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, அந்தத் தண்ணீரை முள்ளியான் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது அவருடைய எண்ணம். தொண்டைமானாற்றுக் கதவு ஒழுகினால் வந்த தண்ணீர் நிற்காது.

கதவு மூடியிருந்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, திறந்திருந்தால் வயல் சவராகும். கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே கதவை இரண்டு விதமாகப் பார்ப்பதில் வியப்பில்லை.

இதே போன்ற கதவு நெற்பயிரின் வேரிலும் இருக்கிறது. வேருக்குத் தேவை பொற்றாசியம். சோடியம் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி, ஏமாற்றி உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தது காழ்க்குழாய் வழியாக மேலே ஏறி இலையைக் கருக்கும். மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பார்கள். மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் வரை நெல் பொறுக்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 சதவீதம் போய்விடும் என்பது வேளாண் நூல்களின் பொதுக் கணக்கு.

எல்லா நெல்லும் ஒரே அளவுக்கு ஏமாறுவதில்லை. வங்காளக் கடலோரத்தில் 'நோனா பொக்ரா' என்றொரு பழைய நெல் உண்டு. நோனா என்றாலே அங்கே உப்பு. அதன் வேரில் காழைச் சுற்றியுள்ள கலங்களில் ஒரு புரதம் காவல் நிற்கிறது. மேலே போகும் சோடியத்தை இடையிலேயே பிடித்துத் திருப்பி இழுப்பது அதன் வேலை. அந்தப் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகைச் சீன ஆய்வாளர்கள் 2005இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். (தமிழ்நாட்டு வாசகர்கள் இதை மரபணு என்பார்கள். நாங்கள் பரீட்சைக்கு எழுதியது பரம்பரையலகு.) கேரளக் கரையின் பொக்காளி நெல்லிலும் முதலாம் நிறமூர்த்தத்தில் இத்தகைய காவல் உண்டு. அந்தப் பொக்காளியை இலங்கை எப்போதோ வீட்டுக்கு அழைத்துவிட்டது. அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 என்ற மூன்றரை மாத நெல்லுக்குப் பொக்காளி ஒரு பெற்றோர். அது பழைய முறைக் கலப்பு, பரம்பரையலகைத் தனியே வெட்டி ஒட்டும் வேலை அதில் இல்லை. உவர் நிலத்துக்கு விதை தேடுகிறவர் முதலில் தட்டவேண்டிய கதவு இது என்பேன்.

வெட்டி ஒட்டும் வேலை நடந்தது சென்னைத் தரமணியில். எம்.எஸ். சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில், அஜய் பரிடாவும் அவருடைய குழுவும் நெல்லின் உறவை விட்டுக் கண்டல் மரத்திடம் போனார்கள். நீரேரிக் கரைகளில் நாம் கண்ணா என்றும், அக்கரையில் வெண்கண்டல் என்றும் அழைக்கும் மரம் அது. கோடையில் அதன் இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் பெரும்பகுதி உப்பை வெளியே நிறுத்துகிறது, தப்பி ஏறியதை இலைச் சுரப்பிகள் துப்பிவிடுகின்றன. காட்டாங்குளத்தூர், புவனேசுவர ஆய்வாளர்கள் 2021இல் இம்மரத்தின் முழு மரபுத் தொகுதியையும் 31 நிறமூர்த்தங்களாக அடுக்கி வெளியிட்டார்கள்.

இந்தக் கண்டலிலிருந்து நெல்லுக்குப் போன ஒரு பரம்பரையலகைப் பற்றி நம்மவர் பலர் தவறாக நினைக்கிறார்கள். அது உப்பைத் தடுக்கும் கதவு அல்ல. உப்பு நெருக்கும்போது இலைக்குள் ஒட்சிசனின் வெறிபிடித்த வடிவங்கள் பெருகிக் கலச்சவ்வுகளைக் கடிக்கும். அவற்றை அடக்கும் சுப்பரொக்சைட்டு டிஸ்மியூற்றேசு என்ற நொதியத்துக்கான கட்டளைதான் கண்டலிலிருந்து எடுக்கப்பட்டது. வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வாளியால் இறைக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நியப் பரம்பரையலகைப் பயிருக்குள் கொண்டுபோக வழக்கமாகப் பிடிக்கும் தூதன் அக்ரோபற்றீரியம். மரத்தண்டில் கழலை உண்டாக்கும் இந்த மண் பற்றீரியா, தன் டி.என்.ஏ.யில் ஒரு துண்டைத் தாவரக் கலத்துக்குள் இயற்கையாகவே செருகக்கூடியது. கழலைப் பகுதியை நீக்கிவிட்டு நமக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுத்தால் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பரிடா குழுவின் முடிவு 2008இல் வெளியானது. மாற்றிய பூசா பாசுமதி, நீர்வளர்ப்பில் 150 மில்லிமோல் உப்பை எட்டு நாள் தாங்கியது, மாற்றாதது வாடியது. அந்த உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம், கடல்நீரில் கால்வாசி.

இந்த நெல் வயலுக்கு வரவில்லை. இந்தியாவில் கமக்காரர் சட்டப்படி விதைக்கும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். கத்தரிக்காய் 2010இல் நிறுத்தப்பட்டது, கடுகு நீதிமன்றத்தில் இழுபடுகிறது. இலங்கை 2001இல் மரபணு மாற்று உணவுக்குத் தடை அறிவித்துப் பின்வாங்கி, 2006இல் இறக்குமதிக்கும் சுட்டிக்கும் விதி செய்தது. இதற்கிடையே இன்னொரு வழி திறந்தது: வேற்று உயிரின் எதையும் சேர்க்காமல், நெல்லின் சொந்தப் பரம்பரையலகு ஒன்றை வெட்டி முடக்குவது. 2025 மே மாதம் இந்திய அரசு அறிவித்த 'பூசா டி.எஸ்.ரி. 1' அப்படி வந்தது. முடக்கப்பட்ட டி.எஸ்.ரி. என்ற பரம்பரையலகு இலைவாய்களின் தொகையையும் திறப்பையும் ஆளுவது. வரட்சியும் உப்பும் தாங்க அதை ஒடுக்கினார்கள். உவர் நிலத்தில் 9.66 முதல் 30.4 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்றது அறிவிப்பு. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தால், எந்த வயலில் எந்த ஆண்டு என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு அச்சம் மரபணுவைவிடக் களைநெல்லைப் பற்றியது. நெல்லோடு கலந்து முளைக்கும் அந்தக் களை, நெல்லின் மகரந்தத்தை ஏற்கும். உப்புத் தாங்கும் குணம் அதற்கும் போனால், உப்பில் நிற்கும் களையை நாமே வளர்த்ததாகும். இன்னொன்று, நெல் சவரைத் தாங்கினாலும் கிணறு தாங்காது. இங்கே நல்ல தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. புதிய விதை வந்துவிட்டதென்று கதவைத் துருப்பிடிக்க விட்டால், வயலில் நெல் நிற்கும், குடத்தில் தண்ணீர் இராது.

ஆய்வுகூடத்திடம் வடமராட்சி கேட்கவேண்டியது வேறொன்று. உப்புத் தாங்குகிறதா என்று நாற்றுப் பருவத்தில்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். நம் காலபோக நாற்றுக்கு உப்புத் தொல்லை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்து நிலம் காயத் தொடங்கும்போதுதான் உப்பு கீழிருந்து ஏறும். பிந்தி விதைத்த பயிர் அப்போதுதான் பூக்கும். நெற்பூ காலையில் ஓரிரு மணி நேரமே திறந்திருக்கும். அந்த நேரத்தில் மகரந்தம் மலடானால், பயிர் பச்சையாக நின்றுகொண்டே கதிரெல்லாம் சப்பியாகிவிடும்.