ஜேமீட்டரில் செயல்திறன் சோதனைப் பதிவு

செயல்திறன் சோதனைப் பதிவு என்பது, ஒரு பயனர் இணையதளத்தில் செய்யும் செயல்களைப் பதிந்து வைத்து, அவற்றையே பல மெய்நிகர் பயனர்கள் ஒரே நேரத்தில் செய்வதுபோல் சேவையகத்துக்கு அனுப்பிப் பார்க்கும் முறை ஆகும். இதற்குப் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களுள் ஒன்று அப்பாச்சி ஜேமீட்டர். ஜாவா மொழியில் எழுதப்பட்ட இதை முதலில் உருவாக்கியவர் ஸ்டெபானோ மஸ்ஸோக்கி. முதல் வெளியீடு 1998இல் வந்தது.

பதிவு செய்தல்

ஜேமீட்டரின் பதிவுக்கருவி, உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே பதிலிச் சேவையகமாக நிற்கிறது. இயல்பாக 8888ஆம் போர்ட்டில் இயங்கும். உலாவியின் ப்ராக்ஸி அமைப்பில் இந்த எண்ணைக் கொடுத்தால், அனுப்பப்படும் ஒவ்வொரு கோரிக்கையும் சோதனைத் திட்டத்தில் பதிவாகும். மறையாக்கம் செய்யப்பட்ட தளங்களைப் பதிய, ஜேமீட்டர் உருவாக்கும் தற்காலிகச் சான்றிதழை உலாவியில் சேர்க்க வேண்டும். அது இயல்பாக 7 நாட்களே செல்லும். பதிவு திடீரென நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வேலை முடிந்ததும் சான்றிதழை நீக்கிவிடுவது பாதுகாப்பானது.

பதிவாவது கோரிக்கைகள் மட்டுமே. ஜேமீட்டர் ஓர் உலாவி அன்று. பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்டை அது இயக்குவதில்லை.

பதிவைத் திருத்துதல்

பதிந்ததை அப்படியே ஓட்டினால் பெரும்பாலும் தவறான முடிவே கிடைக்கும். தேர்வு முடிவு வெளியிடும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். உள்நுழைவுப் பக்கம் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய மறைகுறியைத் தருகிறது. பதிவில் இருப்பதோ பழைய குறி. அதைக் கண்ட சேவையகம் பிழை காட்டாமல் மீண்டும் உள்நுழைவுப் பக்கத்தையே 200 என்ற வெற்றிக் குறியீட்டுடன் அனுப்பக்கூடும். ஜேமீட்டர் அதை வெற்றி என்றே கணக்கிடும். அந்தப் பக்கம் எளிமையானது என்பதால் மறுமொழி நேரமும் அருமையாக இருக்கும். தரவுத்தளத்தை யாரும் தொடவே இல்லை. ஆனால் அறிக்கையில் எல்லாம் பச்சை! முடிவு வெளியாகும் நாளில்தான் தளம் முடங்கும்.

இதைத் தவிர்க்க, முந்தைய மறுமொழியிலிருந்து புதிய குறியைப் பிரித்தெடுத்து அடுத்த கோரிக்கையில் வைக்க வேண்டும். பக்கத்தில் வரவேண்டிய சொல், எடுத்துக்காட்டாக ‘மதிப்பெண்’, வந்திருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும். எல்லா மெய்நிகர் பயனர்களும் ஒரே தேர்வு எண்ணைக் கேட்டால் இடைமாற்று நினைவகமே பதில் தந்துவிடும். ஆகவே எண்களைத் தனிக் கோப்பிலிருந்து படிக்கச் செய்வது வழக்கம்.

இடைவெளியும் முக்கியம். மறுமொழிக்கு 1 வினாடி, படிக்க 9 வினாடி எனில் 100 பயனர்கள் வினாடிக்கு 10 கோரிக்கைகள் அனுப்புவர். இடைவெளியை விட்டுவிட்டால் அதே 100 பேர் 100 கோரிக்கைகள் அனுப்புவர். அனுமதியின்றிப் பிறர் தளத்தில் இப்படிச் சுமை ஏற்றுவது தாக்குதலாகவே கருதப்படும்.

மேலாண்மை

சோதனைத் திட்டம் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பாகச் சேமிக்கப்படுவதால், நிரலுடன் சேர்த்து கிட் களஞ்சியத்தில் வைக்கலாம். கடவுச்சொற்களை அதில் எழுதாமல், ஓட்டும்போது வெளியிலிருந்து கொடுப்பதே முறை. வரைகலை இடைமுகம் பதியவும் திருத்தவும் மட்டுமே. சுமைச் சோதனையைக் கட்டளை வரியில்தான் ஓட்ட வேண்டும். இடைமுகமே நினைவகத்தைத் தின்று அளவீட்டைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு முடிவுடனும் மென்பொருளின் பதிப்பு, சேவையகத்தின் நினைவக அளவு, தரவுத்தளத்தில் இருந்த பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைக்காவிட்டால், சென்ற மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் ஒப்பிட முடியாது. சராசரியை மட்டும் சேமிப்பதும் போதாது. 100 கோரிக்கைகளில் 95க்கு 0.2 வினாடியும் 5க்கு 10 வினாடியும் ஆனால் சராசரி 0.69 வினாடிதான், 10 வினாடி காத்திருந்த ஐவர் அதில் தெரியமாட்டார்கள். மூல முடிவுக் கோப்பு கையில் இருந்தால் சதமான மதிப்புகளைப் பின்னரும் கணக்கிடலாம். ஜேமீட்டர் 3.0 பதிப்பிலிருந்து, அந்தக் கோப்பைக் கொண்டே வரைபடங்களுடன் கூடிய அறிக்கையை மீண்டும் உருவாக்க முடியும்.