லோயர் ஆர்ம்: தேய்வது எது?

காரின் முன்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு பிணைத்து, சக்கரம் ஏறியிறங்க வழிவிடும் உலோகக் கைக்கு ஒர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம் என்று பெயர். ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் பக்கத்துக்கு ஒன்று. இன்னோவாவில் (ஹைகிராஸ் தவிர) மேலேயும் ஓர் ஆர்ம் உண்டு. அடிச்சட்டத்தோடு சேரும் முனைகளில் ரப்பர் புஷ், சக்கரத்தோடு சேரும் முனையில் கிண்ணத்துக்குள் குண்டு சுழலும் பால் ஜாயிண்ட். தேய்பவை இவைதான். வளையாமலும் துரு அரிக்காமலும் இருந்தால் ஆர்மின் உலோகம் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தேய்மானத்துக்குக் குறைவில்லை. குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் சல்லி பெயர்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளத்தின் மேல் தண்ணீர் நின்று ஆழம் தெரியாது. பால் ஜாயிண்டின் ரப்பர் உறை ஒருமுறை கிழிந்துவிட்டால் கிரீஸ் வெளியேறி, செம்மண் புழுதி உள்ளே போய், குண்டு தன் கிண்ணத்தைத் தானே அரைக்கத் தொடங்கும். அம்பாசடர் காலத்தில் நிப்பிள் வழியாகப் புது கிரீஸ் ஏற்றிக்கொள்ள முடிந்தது. இன்றைய பால் ஜாயிண்டுகள் பெரும்பாலும் மூடி வருபவை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்தில் ஓடும் கார்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. தகட்டை அழுத்திச் செய்த ஆர்மில் பெயின்ட் பளிச்சென்று இருக்க, மடிப்புக்குள் துரு இறங்கியிருக்கும்.

ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்ற அடி, பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுப்பது, டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்வது ஆகியவை அறிகுறிகள். அதே 'டொக்' ஸ்டெபிலைசர் பாரோடு சேரும் லிங்க் ராடிலிருந்தும் வரும். அது மலிவான சாமான். ஜாக்கியில் தூக்கி, லீவர் போட்டு அசைத்துப் பார்க்காமல் ஆர்மைக் கழற்றுவது வீண் செலவு.

பழைய ஆர்மைப் புதுப்பிப்பது எளிய வேலை, சரியாகச் செய்தால். புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுக்க வேண்டும். கேஸ் தீயில் ரப்பரை எரித்து, சுத்தியலால் அடித்து இறக்கும் வழக்கம் ஆர்மைக் கெடுக்கும். அலுமினிய ஆர்ம் என்றால் இன்னும் மோசம். சில புஷ்களின் ரப்பரில் விடப்பட்டிருக்கும் இடைவெளி எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதும் உட்கார வேண்டும். வளைந்த ஆர்மை நிமிர்த்துவதும், விரிசலுக்கு வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. பால் ஜாயிண்ட் ஆர்மோடு ஒன்றாகவே வரும் மாடல்களில் முழு ஆர்மையே மாற்றுவதுதான் நேர்வழி. மேல் ஆர்மும் உள்ள இன்னோவாவில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் நிற்பதால், காரின் பாரம் கீழ் பால் ஜாயிண்ட் வழியாகவே இறங்குகிறது. அது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அங்கேயே படுத்துவிடும். டாக்சிக்காரர்கள் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கூடுதல் வலுவான ஆர்ம், பாலியூரித்தேன் புஷ், நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் என்று மேம்பாட்டுச் சாமான்களும் விற்பனைக்கு உண்டு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் காருக்கு இவற்றால் பலன் இருக்கிறது. ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் இடையே ஓடும் குடும்பக் காருக்கு அநேகமாக இல்லை. ரப்பர் விழுங்கும் அதிர்வைக் கடினமான புஷ் அப்படியே உள்ளே அனுப்பும். கிரீஸ் வற்றினால் கீச்சிடும். ஆர்மை மட்டும் வலுவாக்கினால், பள்ளத்தில் விழும் அடியை அடுத்து வாங்குவது அடிச்சட்டம். தகட்டு ஆர்ம் முதலில் வளைவது ஒருவகையில் நல்லதுதான், அதை மாற்றிவிடலாம். வண்டியை உயர்த்துவது, தாழ்த்துவது போன்ற மாற்றங்களுக்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் குறுக்கே நிற்கலாம்: பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது.

எந்த வழியில் போனாலும் கடைசிக் கட்டத்தில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். கார் ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், சக்கரம் தரையில் இறங்கியதும் புஷ் நிரந்தர முறுக்கில் மாட்டிக்கொண்டு சீக்கிரமே கிழியும். போல்ட்டைத் தளர்வாகப் பூட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது கீழே படுத்து இறுக்குவதே முறை. அதன்பின் வீல் அலைன்மென்ட்.