வானம் கண் சிமிட்டுவது ஏன்?

கி.பி. 921ஆம் ஆண்டு பக்தாதிலிருந்து ஒரு தூதுக்குழு வடக்கு நோக்கிப் புறப்பட்டது. அப்பாஸியக் கலீபா அல்முக்ததிர் அனுப்பிய அக்குழுவில் இப்னு பழ்லான் என்பவரும் இருந்தார். மறு ஆண்டு அவர்கள் சென்றடைந்தது வொல்கா நதிப் பிரதேசத்தில் வாழ்ந்த பல்கார் மக்களின் நாடு. அங்கே வானம் நெருப்பாய்ச் சிவந்ததையும், அதற்குள் மனிதர் போலவும் குதிரைகள் போலவும் உருவங்கள் ஆயுதமேந்தி ஒன்றோடொன்று மோதியதையும், கலந்து கலந்து பிரிந்ததையும் கண்டதாக அவர் தமது பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தூதுக்குழுவினர் பயந்துபோய் துஆவில் ஈடுபட்டார்கள். உள்ளூர்க்காரர்களோ அவர்களைப் பார்த்துச் சிரித்தார்களாம். ஜின்களில் விசுவாசங்கொண்டோரும் மறுப்போரும் மாலைதோறும் போரிடுகிறார்கள் என்பது தம் முன்னோர் சொன்ன செய்தி என்று அந்நாட்டு மன்னர் விளக்கம் கூறினார்.

இப்னு பழ்லான் கண்டது துருவ ஒளிதான் என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சகோதரிகளே, அவருடைய குறிப்பில் நிறத்தைவிட அசைவுதான் என் கவனத்தை ஈர்க்கிறது. வானத்து ஒளி ஏன் சும்மா இருக்காமல் பாய்கிறது, துடிக்கிறது, கண் சிமிட்டுகிறது? இதற்குச் சரியான விடை நமது காலத்தில்தான் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒளியைப் பார்ப்போம். சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள் எந்நேரமும் வீசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு செக்கனுக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகம். பூமியின் காந்தப்புலம் ஒரு கூடாரம் போல் நின்று அவற்றைத் தடுக்கிறது. அக்கூடாரத்துக்குக் காந்தக்கோளம் என்று பெயர். அதற்குள் நிறைந்திருப்பது பிளாஸ்மா. அதாவது அணுக்கள் உடைந்து இலத்திரன்கள் வேறாகவும் அயன்கள் வேறாகவும் திரியும் ஒருவகை வாயு. அங்குள்ள இலத்திரன்கள் கீழே விழுந்து, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன், நைதரசன் மீது மோதும்போது ஒளி பிறக்கிறது.

ஆனால் அந்த இலத்திரன்கள் இலேசில் கீழே விழுவதில்லை. காந்தக் கோடு ஒன்றை நூலாகவும், இலத்திரனை அதில் கோத்த தஸ்பீஹ் மணியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். மணி சுழன்று சுழன்று வட துருவப் பக்கம் ஓடும். அங்கே காந்தம் வலுப்பதால் திருப்பி அனுப்பப்படும். தென் துருவப் பக்கமும் அப்படியே. இப்படியே போவதும் வருவதுமாக இருக்கும். யாரோ அதனைத் தட்டிவிட வேண்டும். அந்தத் தட்டும் கைதான் பிளாஸ்மா அலை.

பூமியிலிருந்து முப்பதாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், மத்திய கோட்டுக்கு நேர் மேலே, கோரஸ் என்ற அலைகள் எழுகின்றன. இவை வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தவை, காதுக்குக் கேட்பவையல்ல. ஆயினும் ஒரு கருவியால் வாங்கி ஒலிபெருக்கியில் விட்டால், சுபஹு நேரத்தில் மரத்துக் குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீச்சிடுவது போலிருக்கும். பெயர் வந்ததும் அதனால்தான். இவற்றின் உறவான சீழ்க்கை அலைகளை முதலாம் உலக மகா யுத்தத்தின்போது பார்க்ஹவுசன் என்ற ஜேர்மனியர் கேட்டார். எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கப் போன இடத்தில் வானத்தின் சீழ்க்கை கேட்டிருக்கிறது!

ஊஞ்சல் ஆட்டியவர்களுக்குத் தெரியும், சரியான தருணத்தில் கொடுக்கும் சிறு தள்ளுதல் போதும். கோரஸ் அலையின் துடிப்பும் இலத்திரனின் சுழற்சியும் இசைந்து விட்டால், இலத்திரனின் பாதை சற்றே வளைந்துவிடும். அது திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வளிமண்டலத்துக்குள் விழுந்துவிடும். அலை பெருகும்போது ஒரு கூட்டம் விழுகிறது, ஓயும்போது நின்றுவிடுகிறது. சில செக்கன்களுக்கு ஒருமுறை அலை பெருகி ஓய்வதால், கீழே வானத்தில் திட்டுத் திட்டாக ஒளி பற்றுவதும் அணைவதுமாக இருக்கும். ஒளிரும் அந்தச் சில செக்கன்களுக்குள்ளும் ஒரு செக்கனுக்கு மூன்று தடவை என்ற அளவில் மெல்லிய நடுக்கம் உண்டு. குருவிக் கூட்டத்தின் ஒவ்வொரு கீச்சொலிக்கும் ஒரு நடுக்கம் என்று சொல்லலாம்.

இது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. தேமிஸ் செய்மதிகள் அலையின் ஏற்ற இறக்கமும் ஒளியின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போவதை 2010இல் காட்டின. பின்னர் 2016 டிசம்பரில் ஜப்பான் அனுப்பிய அராசே செய்மதி, அலையால் தட்டப்பட்டு விழும் இலத்திரன்களையே நேரடியாக அளந்தது. அதே வேளை கனடாவில் தரையிலிருந்த கமெரா, அந்தக் காந்தக் கோட்டின் அடியில் வானம் துடித்ததைப் படம்பிடித்திருந்தது. 2018இல் வெளியான அம்முடிவோடு சந்தேகம் தீர்ந்தது.

இன்னொரு வகைச் சிமிட்டல் இருக்கிறது; அது மிக வேகமானது. திரைச்சீலை போன்ற பிரகாசமான ஒளி வெடித்துப் பரவும் தறுவாயில், ஒரு செக்கனுக்குப் பத்துத் தடவை போல் மினுங்கும். இதற்குக் காரணம் கோரஸ் அல்ல. சில ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் அயன்களோடு சேர்ந்து துடிக்கும் வேறோர் அலை, கீழே பாயும் இலத்திரன் கற்றையை உலுக்குகிறது. அவ்வுயரத்தில் ஒட்சிசன் அயன் ஒன்று செக்கனுக்குப் பத்து முறை என்ற அளவில் காந்தக் கோட்டைச் சுற்றுகிறது. கணக்கு பொருந்துகிறதல்லவா?

ஆனால் 2016 மார்ச் 19 அன்று அலஸ்காவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் செக்கனுக்கு 50, 60, ஏன் 80 தடவை வரை மினுங்குவதைக் கண்டார்கள். நம் வீட்டு டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகிறது, நாம் அதை உணர்வதில்லை. இதுவும் ஏறக்குறைய அப்படித்தான்; கண்ணுக்குப் பிடிபடாது. இவ்வளவு வேகம் ஒட்சிசனால் முடியாத காரியம். அதைவிடப் பதினாறு மடங்கு இலேசான ஐதரசன் அயன்களுக்கும் இதில் பங்குண்டு என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இதைப் படம்பிடிப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல். துருவ ஒளியில் அதிகம் தெரிவது ஒட்சிசனின் பச்சை. அந்த ஒட்சிசன் சோம்பேறி. அடி வாங்கி முக்கால் செக்கனளவு கழித்துத்தான் ஒளிவிடும். அதற்குள் எத்தனையோ மினுங்கல் கடந்துபோயிருக்கும். ஆகவே வேகமான மினுங்கலைத் தேடுவோர் பச்சையை மறைத்துவிட்டு, உடனுக்குடன் ஒளிவிடும் நைதரசனின் ஒளியைப் பார்க்கிறார்கள்.

துருவத்து வானம் மினுங்கினால் நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். வானத்தை மினுங்க வைக்கும் அதே கோரஸ் அலைகள், சில இலத்திரன்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்டவரை விரட்டிவிடவும் வல்லவை. 2012இல் ஏவப்பட்ட வான் அலன் செய்மதிகள் இதனை உறுதி செய்தன. அத்தகைய இலத்திரன்கள் செய்மதியின் உலோக உறையை ஊடுருவி, உள்ளே மின்னைத் தேக்கி, கடைசியில் பொறி தட்டவைக்கும். 1994 ஜனவரி 20ஆம் திகதி கனடாவின் அனிக் செய்மதிகள் இரண்டு இவ்விதமே நிலைகுலைந்தன. தொலைபேசியும் தொலைக்காட்சியும் செய்மதியையே நம்பியிருந்த வடபுலத்து ஊர்கள் தவித்துப்போயின. ஒன்று சில மணித்தியாலங்களில் சீரானது. மற்றதை மீட்கப் பல மாதங்கள் பிடித்தன. இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சி முதல் வானிலை அறிவிப்பு வரை செய்மதிகளின் துணையோடுதான் நடக்கிறது. புயல் வருமென்று கடலுக்குப் போகாமல் நிற்கும் மீனவக் குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும்.

நம் நாட்டிலிருந்து இந்த ஒளியைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. ஆனால் நம்மவர் பலரின் பிள்ளைகள், சகோதரர்கள் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் அந்நாடுகளின் வடபகுதிக்குச் சென்றால், பெரிய ஒளித்திரை ஆடி முடிந்ததும் அறைக்குத் திரும்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மெதுவாகத் துடிக்கும் திட்டுகள் நள்ளிரவுக்குப் பிறகே, விடியலை அண்டியே அதிகம் தோன்றும். மங்கலாக இருப்பதால் பலர் மேகம் என்று எண்ணிப் போய்விடுகிறார்கள்.